ஒழுகறது ஓடுன்னு ஆரு சொன்னது?

செய்யி கண்ணு, தாராளமாச் செய்யி. உன்ற காசு, உன்ற ஊடு. நடுவால இந்தக் கெழவன் சொல்றதுக்கு என்ன இருக்குது? அதுலயும் நானு பொண்ணு குடுத்தவன். பொண்ணு குடுத்தவன் சம்பந்தி ஊட்டுத் திண்ணையில உக்காந்து காப்பி குடிக்கலாம், நல்லா இருக்குதுன்னு தலையாட்டலாம். மோட்டைப் பாத்துப் பேசக் கூடாது. ஆனா நீயே கேட்டுப்போட்டே. “அப்புச்சி, இந்த ஓடெல்லாம் எறக்கிப்போட்டுக் காங்கிரீட்டு போடலாமா, கலர் சீட்டு போடலாமா?”ன்னு. ரெண்டுல ஒண்ணு சொல்லோணுமாம் நானு. மூணாவதா ஒண்ணு இருக்குமேன்னு உனக்குத் தோணவே இல்ல. போச்சாது வுடு, பெங்களூர்க்காரன் குடுக்கற சம்பளத்துக்கு ரெண்டு யோசனை வந்ததே பெருசு.

மொதல்ல இதச் சொல்லு. எங்க ஒழுகுது? “எல்லாப் பக்கமும்”ங்கறே. போன ஐப்பசி மழைக்கு என்ற மக எத்தனை போசி வெச்சா? நாந்தான் இங்கியே கெடந்தேனே. தொட்டிக்கட்டுத் தென்மேக்கு மூலையில ரெண்டு, சமையக்கட்டுச் செவுத்தோரமா ஒண்ணு. மூணு போசித் தண்ணிக்கு 30 சதுரத்தையும் பிரிக்கறதுங்கறே. பேசாம நாலாவதா ஒரு போசி வாங்கி வெச்சுக்கோ, முட்டுவழி கம்மி. பித்தாளைல வாங்கினா நாளைக்கு உன்ற மக சீருக்கும் ஆகும்.

சிரிக்கறே. சிரி. மேஸ்திரி எஸ்டிமேட்டு குடுத்தப்ப இந்தச் சிரிப்பக் காணோம்.

தண்ணிக்கு நாணயம் கெடையாது கண்ணு. நொழையறது ஒரு எடம், சொட்டறது இன்னொரு எடம். மேல மோட்டுக்கிட்ட எங்கியோ உள்ள வரும். கைமரத்தோட அடிவயித்தப் புடிச்சுட்டே நெடுவ எறங்கும். ஒரு ஆணியோ, மரத்துல ஒரு மேடோ குறுக்க வந்தா அங்க நின்னு உன்ற தலைமேல சொட்டும். நீ சொட்டற எடத்துக்கு நேரா மேல பாத்து, அங்க இருக்கற நல்ல ஓட்டைக் கழட்டி, அதைத் திட்டி, வேற ஓடு வெச்சுட்டு வருவே. அடுத்த மழைக்கும் அதே எடத்துல சொட்டும். அப்பத்தான் இந்த ஓடே சரியில்லைன்னு முடிவு கட்டறது. ஊருல பாதிப் பேரு மோட்டை மாத்தினது இப்பிடித்தான்.

நல்ல உச்சி வெயில்ல கதவு சன்னலெல்லாம் சாத்திப்போட்டு அட்டாலி மேல ஏறு. ஏறத் தெரியுமில்ல? கண்ணு இருட்டுக்குப் பழகற வரைக்கும் செத்த நேரம் சும்மா உக்காரு, செல்லை நோண்டாதே. அப்பறம் பாரு, எங்கெங்க வெளிச்சம் ஊசி மாதரம் எறங்குதுன்னு தெரியும். அங்கெல்லாம் சுண்ணாம்புக் கட்டில ஒரு கோடு போட்டு வெய்யி. கைமரத்துல தண்ணி ஓடின கறை கருப்பா இருக்கும். அதக் கீழ இருந்து மேல புடிச்சுட்டே போனா அது எங்க பொறக்குதோ அங்கதான் கோளாறு. அப்பவும் சந்தேகமா, ஒருத்தனை ஓஸ் புடிச்சுத் தண்ணி அடிக்கச் சொல்லு. கீழ் வரிசையில இருந்து மேல ஒவ்வொரு வரிசையா நிதானமா நனைக்கோணும். எடுத்ததும் மோட்டுல இருந்து கொட்டினா மொத்தமும் நனைஞ்சு ஒண்ணும் புரியாது. எந்த வரிசை நனையறப்ப உள்ள சொட்டுதோ அந்த வரிசையப் பாரு. இதுக்கு எஞ்சினீரு வேண்டாம், ஓஸ் புடிக்க ஒரு மச்சினன் போதும்.

உனக்காவ நானே பாத்துட்டுத்தான் பேசறேன். தென்மேக்கு மூலையில ஓடு ஒண்ணும் பண்ணலை. கூடல்வாய் போயிருச்சு. தொட்டிக்கட்டு ஊட்டுல நாலு சாய்ப்பும் உள்முகமா வந்து வாசல்ல கூடற எடத்துல நாலு மூலைக்கும் நாலு கூடல்வாய். ரெண்டு சாய்ப்புத் தண்ணியும் ஒரே வாய்க்கால்ல எறங்குது. அதுக்கு அடியில ஒரு தகடு இருக்குதே, அதுதான் இந்த மோட்டுல நெம்பப் பாடுபடற சாமான். அதுதான் மொதல்ல சாகும். உங்க அப்பாரு, என்ற சம்பந்தி, நல்ல மனுசன்தான், போனவரக் கொறை சொல்லக் கூடாது. அஸ்திவாரத்துக்குக் கருங்கல்லு போட்டாரு. தூணுக்குத் தேக்கு வெச்சாரு. குடி போனப்ப ஊருக்கே கெடா வெட்டினாரு. கூடல்வாய்க்கு மாத்தரம் கையில வளையற தகடா வாங்கினாரு. கண்ணுக்குத் தெரியாத எடத்துல மிச்சம் புடிக்கறது உங்க பரம்பரை. உனக்கும் அந்தக் கை வந்துருச்சோன்னுதான் எனக்கு வெசனம்.

அந்தத் தகடு துருப்புடிச்சு அரிச்சுக் கெடக்குது. மேல வேப்பிலை, தென்னங்குரும்பை, பன்னாடை எல்லாஞ் சேந்து அணை கட்டியிருக்குது. தண்ணி போக வழியில்லாமத் தேங்கி, பக்கத்து ஓட்டு அடியில ஏறி உள்ள எறங்குது. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு வரிசை ஓட்டக் கழட்டு. பழைய தகட்டத் தூக்கி எறி. கெனமா, அகலமா அலுமினியத் தகடோ எவர்சில்வர்த் தகடோ வாங்கி, ஓரத்த மடிச்சுவுட்டு, ஓட்டுக்கு அடியில ஒரு சாண் உள்ள போறாப்பல போடச் சொல்லு. வருசத்துக்கு ரெண்டு தடவை, ஆடிக்கு முன்ன ஒண்ணு, ஐப்பசிக்கு முன்ன ஒண்ணு, சருகை வழிச்செடு. இதுதான் வைத்தியம். இதச் சொன்னா எந்த மேஸ்திரிக்கும் மூஞ்சி சுண்டிப்போகும். இதுல அவனுக்கு என்ன கெடைக்கும்?

மேஸ்திரி என்ன பண்ணுவான்னு சொல்லட்டா? ஒரு சட்டி சிமெண்டக் கொழைச்சுட்டு வந்து கூடல்வாய் முச்சூடும் அப்புவான். மோட்டு ஓட்டு ஓரமெல்லாம் அப்புவான். அப்பிப்போட்டு “சார், இனி ஆயுசுக்கும் கவலையில்ல”ம்பான். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அது மேல உக்காந்திருக்கற சிமெண்டு அதுக்கு ஈடா ஊதவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. வெடிக்கும். அந்த வெடிப்பு மயிராட்ட இருந்தாலும் போதும், தண்ணிய உள்ள உறிஞ்சும். உறிஞ்சினது வெளிய வரவும் வழியில்ல, கீழ மரம் நமுத்துப்போகும். நம்ம காலத்துல மோட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்புக் காரைதான். மரம் கொஞ்சம் அசைஞ்சா அதுவும் கூடக் கொஞ்சம் குடுத்துப் போகும்.

மூணாவது போசி கதை வேற. சமையக்கட்டு ஓரம். அது உங்கொப்பன் பண்ணின புண்ணியம். கல்யாணத்துக்கு ஒறம்பரை வருதுன்னு ஊட்டோட ஒட்டிக் காங்கிரீட்டுல பாத்ரூம்பு ஒண்ணு கட்டினாரே, ஞாபகம் இருக்குதா? ஓட்டுச் சாய்ப்புல வர்ற தண்ணியெல்லாம் அந்தப் பாத்ரூம்பு மேல உழுந்து, கைப்புடிச் செவுத்துல முட்டி, திரும்பி நம்ம மண்ணுச் செவுத்துக்குள்ள போகுது. பழசும் புதுசும் ஒட்டற எடத்துல தண்ணி எப்பவும் புதுசை வுட்டுப்போட்டுப் பழசைத்தான் புடிக்கும். அந்தக் கைப்புடிச் செவுத்த ரெண்டடி இடிச்சுத் தண்ணி போக வழி வுட்டா முடிஞ்சுது. கடப்பாரை நம்ம ஊட்டுலயே கெடக்குது. காங்கிரீட்டு வந்ததாலதான் ஒழுகுதுன்னு தெரியாம, ஒழுகுதுன்னு காங்கிரீட்டு போடறேங்கறே. நல்லா இருக்குது சாமி உங்க படிப்பு.

சரி, காங்கிரீட்டுக்கே வாரேன், உன்ற ஆசைய எதுக்குக் கெடுக்கோணும். ஒரு கணக்குப் போடு, நீ கம்ப்யூட்டர்க்காரன்தானே. பத்துக்குப் பத்து, ஒரு சதுரம். சீமை ஓடு 150க்குப் பக்கமா ஆகும். ஒண்ணு ரெண்டரைக் கிலோ, கொஞ்சம் முன்னப்பின்ன. மரத்தையுஞ் சேத்தா 500, 600 கிலோ வெய்யி. அதே சதுரத்துக்கு அஞ்சங்குலம் காங்கிரீட்டு போட்டா கம்பியோட சேத்து 3 டன். அஞ்சு மடங்கு. கீழ என்ன இருக்குது? கருங்கல்லு அஸ்திவாரம் முழங்கால் ஒசரம்தான். அதுக்கு மேல செம்மண்ணக் கொழைச்சு வெச்ச செவுரு, மேல சுண்ணாம்புப் பூச்சு. அந்தச் செவுத்து மூஞ்சில பூசின பவுடரப் பாத்துட்டுச் செங்கல்லுச் செவுருன்னு நெனைச்சுட்டே. “செவுரு ஒன்றரை அடி தடிப்பு இருக்குதே அப்புச்சி”ங்கறே. தடியா இருக்கறவனெல்லாம் மூட்டை தூக்குவானா? உன்ற மாமனப் பாரு.

மேஸ்திரி சொன்னானாமே, செவுரு தாங்கும், நான் கேரண்டின்னு. அவன் கேரண்டி அவன் போன் நம்பரு மாறற வரைக்கும். கொஞ்சம் வெவரமான மேஸ்திரியா இருந்தா பில்லர் போடோணும், மேல பெல்ட்டு போடோணும்பான். பில்லருக்குக் குழி தோண்டோணும். குழி தோண்டினா தள ஓடு போகும், திண்ணை போகும். செவுத்த நடுவால வெட்டோணும். வெட்டின மண்ணுச் செவுரு நிக்காது, “அதையும் எடுத்துடலாங்க சார்”. அப்ப நீ மோட்டை மாத்தலை கண்ணு, ஊட்டை மாத்தறே. அதுக்கு எதுக்கு மோட்டுமேல பழி?

முடிச்சுக் குடியும் போயிட்டேன்னு வெய்யி. பகலெல்லாம் வெயிலக் குடிச்சுட்டு ராத்திரி முச்சூடும் கக்கற சாமான் அது. ஓடு அப்பிடியில்ல. இடுக்கு இடுக்கா அனல் மேல போயிரும், பொழுதெறங்கினா அதுவும் ஆறிப்போகும். காங்கிரீட்டுக்குக் கீழ படுத்தவன் மொதல்ல பேன் மாட்டுவான், பொறவு ஏ.சி. மாட்டுவான். மேல வெள்ளைப் பெயிண்டு அடிப்பான், அதுக்கு மேல தட்டோடு பதிப்பான். கடசியாச் சூடு தாங்கலைன்னு மொட்டை மாடிக்கு மேல கம்பி நட்டுத் தகரம் போடுவான். உங்க சித்தப்பன் ஊட்டுல போயிப் பாரு, ஊட்டுக்கு ஒரு மோடு, அந்த மோட்டுக்கு ஒரு மோடு. ஒழுகற ஓட்டைத் திட்டினவன் இப்ப சாய்ப்பா மேல ஒண்ணு போட்டுத்தான் படுக்கறான்.

காங்கிரீட்டே ஆகாதுன்னு நானு சொல்லலை. கொப்பரை காயப்போடறதுக்கு அதுமாதரம் எடம் கெடையாது. மேல இன்னொரு மாடி எழுப்பலாம். கொரங்கு வந்தா பல்லக் காட்டிட்டுப் போயிரும். உனக்கு அட்டாச்சு பாத்ரூம்போட ரெண்டு ரூம்பு வேணும்னா பொடக்காளியில தனியாக் கட்டிக்கோ. தனியான்னா தனியா. பழைய செவுத்தத் தொடாம, நடுவால ஒரு மூணடி வுட்டுக் கட்டு. இல்லைன்னா இன்னொரு போசி வாங்கோணும்.

இப்ப கலர் சீட்டு. சீட்டுக் கடைப் பையன் பொஸ்தகத்த விரிச்சுக் காட்டினானாமே, செவப்பு, நீலம், பச்சைன்னு. ஓடு மாதரியே அச்சடிச்ச சீட்டு கூட இருக்குதாமா. நல்லா இருக்குது, தூரத்துல இருந்து பாத்தா ஓட்டு ஊடு. கிட்ட வந்தா கோழிப் பண்ணை.

நம்மூரு எங்க இருக்குதுன்னு மறந்துட்டியா? பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிர்ல. மலை ரெண்டு பக்கமும் நிக்க, நடுவால தொறந்து கெடக்கற வாசல் அது. ஆனி ஆடியில மலையாளத்துக் காத்து மொத்தமும் அந்த வழியாத்தான் நம்ம மேல வந்து உழுகுது. உடுமலை, பல்லடம் பக்கம் பூரா காத்தாடி நட்டு வெச்சிருக்கறானே, அவன் என்ன வேடிக்கை பாக்கவா நட்டான்? அந்தக் காத்து சீட்டை மேல இருந்து அமுக்காது, கீழ பூந்து தூக்கும். ஓடு மேஞ்ச கூரையில ஆயிரம் இடுக்கு, காத்து அதுலயே பிரிஞ்சு போயிரும். தூக்கினாலும் ரெண்டு ஓடு நகரும், நாளைக்கு ஏறித் தள்ளி வெச்சா ஆச்சு. சீட்டு தூக்கினா மொத்தமாத் தூக்கும். போயி அடுத்தவன் தோட்டத்துல எறங்கும். அவன் கூட உங்களுக்குக் கெணத்துத் தண்ணித் தகராறு வேற.

போட்டே தீருவேன்னா ஒண்ணு கேட்டுக்கோ. ஆணிக்கு ஓட்டை போடறப்ப சீட்டோட மேட்டுலதான் போடோணும், பள்ளத்துல போட்டா தண்ணி நேரா அந்த ஓட்டைக்குத்தான் வரும். அடியில வெக்கற ரப்பர் வாசர் வெயில்ல காஞ்சு பொடியாகும், அத அப்பப்ப மாத்தோணும். மழை பேஞ்சா ஊட்டுக்குள்ள பளமை பேச முடியாது. உன்ற ஊட்டுக்காரி பேசறது உனக்குக் கேக்காது. அதுக்காவத்தான் சீட்டு கேக்கறேன்னா அத மொதல்லயே சொல்லியிருக்கலாம், நானும் ஒத்துக்குவேன்.

சிமெண்டு சீட்டுப் பக்கம் போகவே போகாதே. ஆஸ்பெஸ்டாசு. உங்க சின்னம்மா மக நர்சுக்குப் படிக்கறவ சொன்னா, அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா பல வருசம் கழிச்சுப் புத்துநோயா வருமாமா. 60 நாட்டுக்கு மேல தடை பண்ணிப்போட்டாங்களாமா. நம்ம நாட்டுல இன்னும் கடையில அடுக்கி வெச்சுத்தான் விக்கறான். நம்ம மாட்டுச் சாளையில பழசு நாலு கெடக்குது. அதக் கழட்டறப்பக் கூடச் சுத்தியல்ல அடிச்சு ஒடைக்காம, தண்ணி தெளிச்சு நனைச்சு, முழுசா எறக்கோணும். மூஞ்சிக்குத் துணி கட்டினாப் பத்தாது, அதுக்குன்னு விக்கற மாஸ்க்கு போட்டுக்கோ.

ஒரு சீமை ஓட்டைக் கழட்டித் திருப்பிப் பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்டே. முதுகுல கம்பெனிப் பேரு பதிச்சிருக்கும். உங்க வடக்குச் சாய்ப்புல பாசல் மிஷன் ஓடு கொஞ்சம் கெடக்குது. பிளெப்ஸ்டுன்னு ஒரு ஜெர்மன்காரரு, மிஷனுக்கு வந்தவரு, மங்களூருல ஜெப்புங்கற எடத்துல 1865ல சூளை போட்டாரு. நேத்ராவதி, குருபுரா ஆத்துக் களிமண்ணு. சபையில சேந்தவங்களுக்குச் சாதிசனம் வேலை குடுக்காதுன்னு அவங்க பொழைக்க ஆரமிச்ச தொழில். பின்னால கோழிக்கோட்டுப் பக்கம் பெரோக்கு வரைக்கும் அவங்க சூளை வந்துச்சு. மொதல் யுத்தத்துல இங்கிலீசுக்காரன் அவங்க கையில இருந்து புடுங்கி, அது காமன்வெல்த்துன்னு வேற கம்பெனியாப் போச்சு. உங்க தெக்குச் சாய்ப்புல அந்தப் பேரும் இருக்குது, பாரு.

அந்தப் பழைய ஓட்டுல 1865ன்னு போட்டிருக்கும். அது கம்பெனி தொடங்கின வருசம், ஓடு சுட்ட வருசமில்ல. நம்மூர்ல ஒரு பண்ணாடி ஊட்டுல அந்த ஓட்டைக் காட்டியே எங்க ஊடு 1865ல கட்டினதுன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் பீத்திக்கறாங்க. அந்த ஊட்டுக்கு நானே கல்லுத் தூக்கியிருக்கறேன். பாலக்காட்டுப் பக்கம் இடிச்ச ஊட்டு ஓட்டை வண்டியேத்திக் கொண்டாந்து மேஞ்சது. உங்க அப்பாரும் அதே வண்டியிலதான் பாதி வாங்கினாரு. ஆகக்கூடி உங்க ஊட்டை வுட உங்க ஓட்டுக்கு வயசு எச்சு. ஒரு ஊட்டுக்கு ஒழைச்சு முடிச்சு, ரெண்டாவதா இங்க வந்து உக்காந்திருக்குது. அதப் பாத்து நீ ஆயுசு முடிஞ்சு போச்சுங்கறே. காங்கிரீட்டை எறக்கி இன்னொரு ஊட்டுக்கு ஏத்தினவன் ஆராச்சும் இருந்தா கூட்டிட்டு வா.

எல்லா ஓடும் நல்ல ஓடுன்னு சொல்லலை. கழட்டி, ஒத்தக் கையில தொங்கவுட்டு, வெரல் முட்டியில தட்டு. கணீர்னா மேல ஏத்து. சொத்துன்னா எங்கியோ கீறல் இருக்குது, கீழ போடு. ஒடைஞ்சதுக்கு மாத்தா கடையில புது ஓடு வாங்கிச் சொருகாதே. கம்பெனிக்குக் கம்பெனி வாய்க்கால் அளவு நூலிழை வித்தியாசம் இருக்கும், பழசு மேல புதுசு உக்காராது. நல்ல ஓடா இருக்கும், மழை பேஞ்சா ஒழுகும். அதனால என்ன பண்ணோணும்னா, ஒரே பேரு போட்ட ஓடெல்லாம் பொறுக்கி ஒரே சாய்ப்புக்குக் குடு. பாசல் மிஷன் ஒரு பக்கம், காமன்வெல்த்து ஒரு பக்கம். பத்தாமப் போன சாய்ப்புக்கு மாத்தரம் முழுசாப் புதுசு போடு, அதுவும் பொடக்காளிப் பக்கம், வாசல்ல இருந்து பாக்கறவனுக்குத் தெரியாத எடமா. நீதான் உங்க அப்பாரு பேரனாச்சே.

நெசமா மாத்த வேண்டியது ரீப்பரு. அது பாதிக்குப் பாதி உளுத்துப்போச்சு. ரீப்பரு வளைஞ்சா ஓடு சரியும், ஓடு சரிஞ்சா இடுக்கு விழும். புது ரீப்பரு அடிக்கறப்ப இடைவெளியக் கடைக்காரன் சொல்ற கணக்குக்கு அடிக்காதே, பழைய ஓட்டை நாலு வெச்சு அளந்து அடிக்கச் சொல்லு. கைமரமெல்லாம் பனை, கருப்பு வைரம் பாஞ்சது, ஒண்ணும் ஆகலை. செவுத்துக்குள்ள போற நுனிய மாத்தரம் பாரு, கரையான் அங்கதான் குடித்தனம் பண்ணும். ஒரு திருப்புளிய வெச்சுக் குத்து. சடக்குனு நின்னா நல்ல மரம். பொதுக்குனு உள்ள போனா ஆசாரியக் கூப்புடு. நுனிய அறுத்து ஒட்டுப் போட்டுக் குடுப்பாரு, முழு மரமும் மாத்தோணும்னு இல்ல.

மரம்னதும் ஞாபகம் வருது. உன்ற மேஸ்திரி எஸ்டிமேட்டுல கடசி வரி படிச்சியா? “பழைய சாமான்களை நாங்களே அகற்றிக் கொள்கிறோம்.” எவ்வளவு நல்ல மனசு! குப்பைய அள்ளறதுக்குக் காசு கூட வாங்கலை பாரு. அந்தக் குப்பையில உத்திரம் நாலு தேக்கு, தூணு எட்டு தேக்கு, நடைக் கதவு ஒண்ணு. இதெல்லாம் காரைக்குடிப் பழைய சாமான் கடைத் தெருவுக்குப் போயிச் சேந்தா என்ன வெலைக்குப் போகும்னு உன்ற செல்லுலயே பாரு. கன அடிக் கணக்கு. பாத்துப்போட்டு அவனக் கூப்புட்டுச் சொல்லு, “மேஸ்திரி, பழைய சாமான் நானே வெச்சுக்கறேன், ஓடு ஒழுகறதுக்கு என்ன பண்ணலாம்?”னு. அன்னைக்கே உங்க செவுரு அவனுக்குத் தாங்காமப் போயிரும் பாரு.

ஓட்டை நெசமா ஒடைக்கறது ஆருன்னு ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறீங்க. மேக்கால நிக்குதே ரெண்டு தென்னை, மோட்டு மேல சாஞ்சுட்டு. மட்டை உழுந்தா நாலு ஓடு, நெத்துக் காயி உழுந்தா ரெண்டு. மோட்டை மாத்தறதுக்கு லச்சக் கணக்குல எடுத்து வெச்சிருக்கறே, மரம் ஏறறவனுக்குக் குடுக்கக் கணக்குப் பாத்துட்டு மாசக் கணக்காக் காயி போடாம வுட்டிருக்கறே. அப்பறம் மயிலு. அது இப்ப நம்மூர்ல கோழிய வுட எச்சு. மோட்டு மேல நின்னுட்டுத் தோகைய விரிக்கறதுக்குள்ள நாலு ஓட்டைத் தள்ளிவுட்டுரும். அத ஒண்ணும் பண்ண முடியாது, முருகனுக்குப் பதில் சொல்லோணும், அதுக்கு மேல பாரஸ்ட்டுக்காரனுக்குப் பதில் சொல்லோணும். காத்துப்பக்கம் கீழ் ரெண்டு வரிசைக்கும் மோட்டு வரிசைக்கும் ஓட்டு அடியில இருக்கற காதுல கம்பி கோத்து ரீப்பரோட கட்டிவுடு. மயிலும் தள்ளாது, ஆடியும் தூக்காது.

வேலைய மாசியில ஆரமி, பங்குனிக்குள்ள முடி. சித்திரையில கோடை மழை எப்ப வேணாலும் எறங்கும். ஒரே மூச்சா எல்லாச் சாய்ப்பையும் பிரிக்காதே. ஒரு பக்கம் பிரி, மேயி, அப்பறம் அடுத்தது. தார்ப்பாய் ரெண்டு கையில இருக்கோணும். ஓட்டை மேல இருந்து வீசறவன வேலைக்கு வெக்காதே, ஏணியில ஆளு நின்னு கை மாத்திக் கை மாத்தி எறக்கறவனக் கூப்புடு. வேட்டைக்காரன்புதூர்ப் பக்கம் வயசானவங்க ரெண்டு மூணு பேரு இன்னும் இருக்கறாங்க. அவங்க ஓட்டு நடுவுல கால் வெக்க மாட்டாங்க. அடியில ரீப்பரு எங்க ஓடுதுன்னு கண்ண மூடிட்டே தெரியும், அது மேலதான் மிதிப்பாங்க. கேக்கற கூலிய மறுபேச்சு பேசாமக் குடு. மத்தியானம் கறிச்சோறு போடு, சாயங்காலம் வேற எதாச்சும் கேட்டா நானு பாத்துக்கறேன். நீ எதுவும் பேச வேண்டாம், உனக்கு மீட்டிங்கு இருக்கும்.

சமையக்கட்டு இருட்டா இருக்குதுன்னு என்ற மக பொலம்பறா. ஓட்டுக்கு ஓடு கண்ணாடியில விக்குது, அடுப்புக்கு நேரா ரெண்டு வெச்சுவுடு. அதோட, எவனாச்சும் பால்ஸ் சீலிங்கு போடலாம்னு வந்தா வாசல்லயே தண்ணி குடுத்து அனுப்பிரு. ஒழுகறத மறைக்கறதுக்குப் பலகை அடிச்சா எலிக்குத்தான் தனி ஊடு.

மிச்சமாகற ஓட்டை ஒண்ணுகூட வெளிய தராதே. ஆரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. இந்த அச்சு ஓடு இனிக் கெடைக்காது, அட்டாலியில அடுக்கி வெய்யி.

ஆனா ஒரு 300 ஓட்டை மாத்தரம் என்ற வண்டியில ஏத்தியுடு. சாளைக்கு ஆகும். அந்தச் சிமெண்டு சீட்டை எறக்கினா மாடு எங்க நிக்கும்? உங்க அப்பாரு தரேன் தரேன்னு சொல்லியே போயிச் சேந்துட்டாரு. “நீங்கதானே அப்புச்சி எடுத்து வெக்கச் சொன்னீங்க”ங்கறே. வெக்கத்தான் சொன்னேன். உங்க அட்டாலியிலதான் வெக்கோணும்னு சொன்னனா? என்ற சாளை மேல கெடந்தாலும் அது உங்க ஓடுதான் கண்ணு. என்னைக்காச்சும் ஒண்ணு ஒடைஞ்சா போன் போடு, எறக்கி அனுப்பறேன். வண்டி வாடகை மாத்தரம் நீ பாத்துக்கோ.